லோடு இல்லாத புக்கிங் ஆபீஸ்: விமானி வேலைத் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

விமானி வேலை விளம்பரங்களை வெளியிடும் இணையதளங்களின் நிர்வாகிகளுக்கு,

"நாங்கள் விளம்பரதாரரையும் விண்ணப்பதாரரையும் இணைக்கும் ஊடகம் மட்டுமே. விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு எமது நிறுவனம் பொறுப்பேற்காது."

உங்களில் ஒருவர் எனக்கு அனுப்பிய பதில் இது. ஒரு போலி விளம்பரத்தைப் பற்றிப் புகார் கொடுத்து, 23 நாள் காத்திருந்து வாங்கிய பதில். அந்த 23 நாளும் அந்த விளம்பரம் தளத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எந்தத் தளம் என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று ஆகிவிடும். உங்கள் எல்லோருடைய விதிமுறைப் பக்கத்தையும் கடைசி வரி வரை படித்துவிட்டேன். எல்லோரும் இதே வாக்கியத்தைத்தான் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதி வைத்திருக்கிறீர்கள்.

நான் நாமக்கல்காரி. அப்பாவுக்கு இரண்டு லாரி இருந்தது, இப்போது ஒன்று. இன்னொன்று என் லாக் புக்கில், அதாவது பறந்த மணிக்கணக்கைக் குறிக்கும் புத்தகத்தில், ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிபிஎல் எனும் வணிக விமானி லைசென்ஸ் வாங்க மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நானே பொறுப்பான விமானியாக. செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் ஒவ்வொரு மணி நேரமாகச் சேர்த்து அதை முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக்கு 54 லட்சம் ஆனது. பாதிக்கு மேல் வங்கிக் கடன். லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. தவணை கட்ட ஆரம்பித்துவிட்டோம். நான் ஒரு டியூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். காலையில் பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே கை போனுக்குப் போய்விடுகிறது. நான்கு தளங்கள். அதில் இரண்டுக்குச் சந்தா கட்டுகிறேன். ஆகவே இது வேடிக்கை பார்க்க வந்தவளின் புலம்பல் இல்லை, காசு கொடுத்த வாடிக்கையாளரின் புகார்.

'பைலட்' என்று தேடினால் உங்கள் தளங்கள் எனக்கு என்னவெல்லாம் காட்டுகின்றன தெரியுமா? டிரோன் பைலட். பைலட் புராஜெக்ட் மேனேஜர். ரசாயன ஆலையில் பைலட் பிளாண்ட் ஆபரேட்டர். ஒருநாள் 108 ஆம்புலன்ஸ் பைலட். எங்கள் மாநிலத்தில் அந்த ஓட்டுநருக்கும் பைலட் என்றுதான் பெயர். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த அப்பா, "இதுல ஆளு வேணும்னு நிசமாவே கேக்கறாங்க போல சாமி" என்றார். அன்றைக்கு நான் பார்த்த பட்டியலில் உண்மையான வேலை அது ஒன்றுதான் என்பதால் என்னால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

இதையெல்லாம் மென்பொருளின் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். தலைப்பில் 'ஃப்ரெஷ் சிபிஎல் விண்ணப்பிக்கலாம்' என்று போட்டு, உள்ளே நான்காவது பத்தியில் 'ஏ320-இல் குறைந்தது 500 மணி நேரம்' என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை எப்படி விடுவது? இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சிபிஎல் வாங்கிவிட்டதால் ஏ320 போன்ற ஏர்பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. அந்த ரக விமானத்துக்கென்று தனியாக டைப் ரேட்டிங் வேண்டும். அதற்கு இன்னும் லட்சக்கணக்கில் ஆகும். 200 மணி நேரக்காரருக்கும் ஏ320-இல் 500 மணி நேரம் ஓட்டியவருக்கும் இருக்கும் தூரம், நேற்று எல்எல்ஆர் வாங்கியவருக்கும் வால்வோ பஸ் டிரைவருக்கும் இருக்கும் தூரம். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் நூறு பேர் அழுத்துகிற இடத்தில் ஆயிரம் பேர் அழுத்துவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த அழுத்தம்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இன்னொரு வகை, கடல் தாண்டிய விளம்பரங்கள். இடம் 'இந்தியா' என்று காட்டும். திறந்தால் ஐரோப்பிய லைசென்ஸ் கேட்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ உரிமை கேட்கும். எங்கள் லைசென்ஸை அங்கே செல்ல வைக்க 13 தாள் புதிதாக எழுத வேண்டும். அது தெரிந்த ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் அந்த விளம்பரம் என் போனுக்கு வந்தே இருக்காது. பறப்பதையே நிறுத்திவிட்ட ஒரு நிறுவனத்தின் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) விளம்பரம்கூட, அது படுத்து ஒரு வருடம் கழித்து, 'புதியது' என்ற பச்சைப் பட்டையோடு எனக்கு வந்தது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறாய் என்று கேட்பீர்கள். வேறு வாசல் எங்கே இருக்கிறது? விமான நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பக்கத்தில் விண்ணப்பம் திறக்கின்றன, சில நாளில் மூடிவிடுகின்றன. அந்த நிறுவனங்களே நடத்தும் கேடட் பயிற்சித் திட்டத்தில் முன்பே கோடி ரூபாய் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்கள் காதில் விழும்போது கதவு சாத்தியிருக்கும். வெளியிலோ வேறு பேச்சு. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானத்துக்கு ஆர்டர், ஜூனில் இண்டிகோ 500-க்கு ஆர்டர், அடுத்த 15, 20 வருடத்தில் 30,000 விமானிகள் வேண்டும் என்று அமைச்சர் பேச்சு. கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும் "இன்னும் வேலை கிடைக்கலையா கண்ணு? பைலட்டுக்குத் தட்டுப்பாடுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே" என்கிறார்கள். தட்டுப்பாடு கேப்டன்களுக்கு. கேப்டனுக்கு ஏடிபிஎல் என்ற அடுத்த நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஆர்டர் போட்ட விமானமும் அடுத்த வாரம் வந்து இறங்காது. விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2023-இல் மட்டும் 1,622 சிபிஎல் கொடுத்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அங்கிருந்து வெளியே வந்த அனுபவசாலிகளும் எங்களுக்கு முன்னால் அதே வரிசையில் நின்றார்கள். இந்த நெருக்கடிக்கு நீங்கள் காரணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நெருக்கடியில் கடை போட்டிருப்பவர்கள் நீங்கள்.

இப்போது அந்த விளம்பரத்துக்கு வருகிறேன்.

'ட்ரெய்னி ஃபர்ஸ்ட் ஆபீசர், ஏ320, டைப் ரேட்டிங் தேவையில்லை, நிறுவனமே பயிற்சி தரும்.' எல்லோருக்கும் தெரிந்த ஒரு விமான நிறுவனத்தின் சின்னம் போட்டிருந்தது. எனக்கு ஒரு பேட்ச் மூத்தவர் ஒருவர், கோவில்பட்டிக்காரர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், அவர் விண்ணப்பித்தார். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய முகவரியில் நிறுவனத்தின் பெயர், அதன் பின்னால் ஒரு கோடு, அப்புறம் 'கேரியர்ஸ்'. பதட்டத்தில் இருப்பவன் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியாது. வாட்ஸ்அப்பில் நேர்காணல் நடந்தது, எதிர்ப்பக்கம் கேமரா 'நெட்வொர்க் சரியில்லை' என்று அணைந்தே இருந்தது. கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள் என்பார் அண்ணா. வானிலைக் குறியீட்டைப் படிக்கச் சொன்னார்களாம், இறங்க அனுமதி கிடைக்கும் வரை வானில் சுற்றிக் காத்திருக்கும் ஹோல்டிங் பாட்டர்னில் நுழைவது எப்படி என்று கேட்டார்களாம். பிறகு சிமுலேட்டர் தேர்வுக்கு இடம் பிடிக்க 1,85,000 ரூபாய், தேர்வு முடிந்ததும் திருப்பித் தரப்படும். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினார்.

குருகிராமில் சொன்ன முகவரிக்குக் காலை ஏழரைக்கே போய் நின்றிருக்கிறார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கையில் ஒரிஜினல் சான்றிதழ் ஃபைல். கண்ணாடிக் கட்டடம், வாசலில் காவலாளி. அண்ணா மின்னஞ்சலைக் காட்ட வாயைத் திறப்பதற்குள், ஃபைலைப் பார்த்த உடனேயே அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு, உட்காரச் சொல்லி, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாராம். "அந்த வாரத்துல நான் நாலாவது ஆளாம்மா" என்று சொல்லும்போது அண்ணா குரலில் ஒன்றுமே இல்லை. டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தே போயிருக்கிறார். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தார். அதற்குள் பணம் மூன்று கணக்கு தாண்டியிருந்தது.

அன்றிரவே நான் உங்கள் தளத்தில் புகார் கொடுத்தேன். மின்னஞ்சல் நகல், பணம் கட்டிய ரசீது, போலீஸ் புகார் எண், எல்லாம் இணைத்துக் கொடுத்தேன். அப்போது அந்த விளம்பரத்தின் கீழே 212 பேர் விண்ணப்பித்ததாகக் காட்டியது. தினமும் போய்ப் பார்த்தேன், புண்ணைச் சொறிவது மாதிரி. 300 ஆனது. 415 ஆனது. ஒன்பதாம் நாள் உங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புகாருக்குப் பதிலாக்கும் என்று டியூஷன் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து திறந்தேன். "வாழ்த்துகள்! இந்த வேலைக்கு நீங்கள் 94% பொருத்தம். 999 ரூபாய் செலுத்தினால் உங்கள் விண்ணப்பம் பட்டியலின் முதலில் வரும்." நான் புகார் கொடுத்த அதே விளம்பரம்.

பதில் வந்த 23-ஆம் நாள் எண்ணிக்கை 640. மறுநாள் விளம்பரம் இல்லை. நீங்கள் எடுத்தீர்களா, வேலை முடிந்துவிட்டது என்று அவனே எடுத்துக்கொண்டானா, எனக்குத் தெரியாது. அந்த 640 பேருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அண்ணாவும் அதில் ஒருவர்.

ஊடகம் மட்டுமே என்கிறீர்கள். என் அப்பாவின் தொழிலிலும் ஊடகம் உண்டு, புக்கிங் ஆபீஸ் என்று பெயர். ஒரு மேசை, இரண்டு போன், சுவரில் முருகன் காலண்டர். லோடு வைத்திருப்பவருக்கும் லாரி வைத்திருப்பவருக்கும் நடுவில் உட்கார்ந்து கமிஷன் வாங்குபவர் புரோக்கர். அவருக்கு லாரியும் கிடையாது, சரக்கும் கிடையாது. ஆனால் சூரத்தில் லோடு இருக்கிறது என்று அவர் சொல்லி, லாரி போய் நின்று, அங்கே லோடு இல்லை என்றால், "நான் இணைத்துவிட்டவன் மட்டும்தான்" என்று அவரால் சொல்ல முடியுமா? லாரி சும்மா காத்துக்கிடந்ததற்கான ஹால்டிங் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை எந்த ஓனரும் அந்தப் படி ஏறமாட்டார். அதனால் புது பார்ட்டி யாராவது லோடு சொன்னால், புரோக்கர் தனக்குத் தெரிந்த இரண்டு இடத்தில் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் லாரியை அனுப்புவார். கமிஷனும் லோடு ஏறிய பிறகுதான். உங்கள் கமிஷன் லாரி செட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வாங்கப்படுகிறது, அதுவும் இரண்டு பக்கமும்.

எங்கள் ஹால்டிங் கணக்கையும் கேளுங்கள். லைசென்ஸைச் செல்லுபடியாக வைத்திருக்க கிளாஸ் ஒன் மெடிக்கல் என்ற மருத்துவச் சோதனை வருடத்துக்கு ஒரு முறை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் சோதனை வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு இரட்டை எஞ்சின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு மணி நேர வாடகை எனக்கு ஒரு மாத டியூஷன் சம்பளத்தை விட அதிகம். பொய் விளம்பரத்துக்குப் பின்னால் ஓடிய ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதி நெருங்குகிறது.

எங்கள் பக்கக் காகிதத்தை யாரும் சும்மா நம்புவதில்லை. நம்பவும் கூடாது. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய சில விமானிகள் பிடிபட்டார்கள். லாக் புக்கில் பயிற்சியாளர் கையெழுத்து வேண்டும், மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். உங்கள் தளத்தில் கணக்குத் தொடங்கவே பாஸ்போர்ட் நகல் வரை ஏற்றச் சொல்கிறீர்கள். வேலை தேடுபவளிடம் இவ்வளவு கேட்கும் நீங்கள், வேலை கொடுப்பதாகச் சொல்பவனிடம் கேட்டது ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு கிரெடிட் கார்டு எண்ணும். அது எப்படித் தெரியும் என்றால், நானே 'சேலம் ஸ்கை ஏர்லைன்ஸ்' என்று இல்லாத ஒரு பெயரில் கணக்குத் தொடங்கிப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆனது. விளம்பரம் போடும் பக்கம் திறந்ததும் கணக்கை அழித்துவிட்டேன்.

இதைச் சரிபார்ப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. இந்தியாவில் காசு வாங்கிப் பயணிகளை ஏற்றும் எந்த நிறுவனத்துக்கும் டிஜிசிஏ கொடுத்த அனுமதிச் சான்று வேண்டும். அட்டவணை விமான நிறுவனங்கள், சார்ட்டர் நிறுவனங்கள், பயிற்சிப் பள்ளிகள் என்று எல்லாப் பட்டியலும் டிஜிசிஏ தளத்திலேயே இருக்கிறது. லட்சம் கடைகள் இருக்கும் துறை இல்லை இது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் (ஜிஎஸ்டி தனி) வாங்கக் கூடாது. பதிவு எண்ணை அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் குறைதீர்ப்பு அலுவலர் என்ன செய்ய வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளும் சொல்கின்றன: 24 மணி நேரத்தில் ஒப்புகை, குறித்த நாட்களுக்குள் தீர்வு. எனக்கு ஒப்புகை வரவே இல்லை.

ஆகவே கேட்கிறேன்.

விமானி வேலை என்று விளம்பரம் போடும் யாராக இருந்தாலும் அவர்களின் டிஜிசிஏ சான்று எண்ணை வாங்குங்கள், பட்டியலோடு ஒப்பிடுங்கள், அந்த எண்ணை விளம்பரத்திலேயே போடுங்கள். நிறுவனத்தின் சொந்த டொமைனிலிருந்து மின்னஞ்சல் வராவிட்டால் விளம்பரத்தை ஏற்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு முகவரின் பதிவு எண் இல்லாமல் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

மொத்தம் எத்தனை மணி நேரம், அந்த ரக விமானத்தில் எத்தனை மணி நேரம், எந்த நாட்டு லைசென்ஸ், கடைசித் தேதி என்ன, இந்த நான்கும் தலைப்புக்குக் கீழேயே இருக்கட்டும். கடைசித் தேதி போனதும் விளம்பரமும் போகட்டும். 200 மணி நேரம் என்று நான் பதிந்து வைத்திருக்கிறேன். 500 கேட்கும் விளம்பரத்தை எனக்குப் பொருத்தம் என்று காட்டி என்னிடம் காசு கேட்காதீர்கள்.

பண மோசடி என்று ஆதாரத்தோடு புகார் வந்தால், விசாரணை முடியும் வரை விளம்பரத்தை அன்றைக்கே மறைத்துவையுங்கள். நேர்காணல், சிமுலேட்டர், 'டெபாசிட்' என்று எந்தப் பெயரிலாவது முன்பணம் கேட்பவரின் கணக்கை நிரந்தரமாக மூடுங்கள். நாங்கள் ஏற்றிய மெடிக்கல் ரிப்போர்ட்டையும் பாஸ்போர்ட்டையும் அந்த ஆள் இறக்கிக்கொண்டானா என்று எங்களுக்குச் சொல்லுங்கள். அது எங்கள் அந்தரங்கத் தகவல், 2023-லேயே அதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

போலி விளம்பரம் பட்டியலில் இருந்த நாட்களில், அதற்காக முன்னுரிமைக் கட்டணம் கட்டியவர்களுக்கு 999-ஐத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அதற்குத் தொழில்நுட்பம், சட்ட ஆலோசனை எதுவும் வேண்டாம். அந்த 640 பேரின் முகவரியும் உங்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்: "நீங்கள் விண்ணப்பித்த இந்த விளம்பரம் போலி. யார் கேட்டாலும் பணம் கட்டாதீர்கள். குருகிராமுக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்."

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருத்தி,
நாமக்கல்.